வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு குழாய்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம், ஆனால் நிதானமாகப் பார்த்தால் சிக்கல் ஒன்றும் இல்லை.

தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குடிநீர்க் குழாய் நகராட்சியுடையது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் குழாய்கள் வீட்டுக்காரருடையவை. இரண்டிலும் யாருக்கும் தகராறு கிடையாது. இவற்றுக்கு நடுவே, மண்ணுக்குள், முப்பது நாற்பது அடி நீளத்துக்கு விரல் பருமனில் ஓர் இணைப்புக் குழாய் இருக்கிறது. பக்கத்திலேயே கொஞ்சம் பெரிதாக, கழிவுநீரை வெளியே கொண்டுபோகிற இன்னொரு குழாய். இந்த இரண்டும் உடைந்தால், அடைத்தால், துருப்பிடித்தால் செலவு யாருடையது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கை வரைக்கும் போயிருக்கிறது.

என் தங்கை மகன் நியூ ஜெர்சியில் பழைய வீடு ஒன்றை வாங்கிய கையோடு தபாலில் ஒரு கடிதம் வந்தது. அரசுக் கடிதம் போலவே தோற்றம். 'தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் குழாய்க்கு நீங்களே பொறுப்பு. மாதம் சில டாலர் கட்டினால், பழுதானால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தது. "இது ஏமாற்று வேலையா மாமா?" என்று போனில் கேட்டான். கடிதத்தின் தோரணை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதில் இருந்த முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மை என்றுதான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

குடிநீரைப் பொறுத்தவரை அங்கே பல ஊர்களில் இருக்கும் ஏற்பாடு இப்படி: நடைபாதை ஓரத்தில், மண்ணுக்குள் ஒரு வால்வு இருக்கும். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி மட்டும் தெரியும். பெரிய குழாயிலிருந்து அந்த வால்வு வரைக்கும் நகரத்தின் சொத்து. வால்விலிருந்து வீடு வரைக்கும் வீட்டுக்காரர் சொத்து. ஒரே குழாய், ஒரே நாளில் ஒரே ஆள் பதித்தது, ஆனால் பாதி அவர்களுடையது, பாதி இவருடையது. கழிவுநீர்க் குழாயில் வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். பல ஊர்களில், நடுத்தெருவில் இருக்கும் பெரிய சாக்கடைக் குழாயில் போய்ச் சேருகிற இடம் வரைக்கும் அவர் பொறுப்புதான். அதாவது, தன்னுடையதே அல்லாத சாலைக்கு அடியில் அவருக்கு ஒரு சொத்து இருக்கிறது. அது உடைந்தால் சாலையைத் தோண்ட அனுமதி வாங்கி, போக்குவரத்தைத் திருப்பி, தோண்டிப் பழுது பார்த்து, மறுபடி தார் போட்டுக் கொடுக்க வேண்டும். பல்லாயிரம் டாலர் சமாசாரம். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் இது பெரும்பாலும் சேராது.

அந்தக் குழாய் எதனால் ஆனது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. பழைய வீடுகளில் சுட்ட களிமண் குழாய் இருக்கும். இரண்டு மூன்று அடிக்கு ஓர் இணைப்பு. அந்த இணைப்புகளில் கசியும் ஈரத்தை மோப்பம் பிடித்து மரவேர் முதலில் தலைமுடி பருமனில் நுழையும். உள்ளே போய்த் தண்ணீரும் உரமும் கிடைத்ததும் அங்கேயே சடைபிடித்துக் குழாயை அடைத்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கட்டிய வீடுகளில் இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. மரக்கூழைத் தாரில் ஊறவைத்து அழுத்திச் செய்த குழாய். அது தயாரான நியூயார்க் மாநிலத்து ஊரின் பெயரால் 'ஆரஞ்ச்பர்க்' குழாய் என்பார்கள். போர் முடிந்து வீடுகள் மளமளவென்று எழுந்த காலத்தில் விலை குறைவு, எடை குறைவு, ரம்பத்தால் அறுக்கலாம் என்று ஊரெல்லாம் பதித்தார்கள். சில பத்தாண்டுகளில் மண்ணின் பாரத்தில் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். உள்சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கடைசியில் அப்படியே அமுங்கிவிடும். 1970களில் பிளாஸ்டிக் குழாய் வந்து அதை ஒழித்தது. பதித்தவர் யாரோ, அனுமதித்த அதிகாரி யாரோ. இன்றைக்கு அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் தோண்டுகிறார்.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். குடிநீர்க் குழாய் ஈயத்தில் இருந்தால் பணத்தோடு போகாது.

ஈயம் வளைத்தால் வளையும், எளிதில் விரிசல் விடாது. அதனால் குழாய் வேலைக்காரர்களுக்கு அது பிடித்த உலோகம். குழந்தைகளின் மூளைக்கு அது விஷம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. சிகாகோ நகரத்தில் வீட்டு இணைப்புக் குழாய் ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று நகர விதியே இருந்தது. அனுமதி மட்டும் இல்லை, கட்டாயம். 1986இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஈயக் குழாயைத் தடைசெய்யும் வரை அந்த விதி நீடித்தது. சுமார் 4 லட்சம் ஈய இணைப்புகளோடு அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருக்கும் நகரம் அதுதான். அங்கே இணைப்புக் குழாயின் வீட்டுப் பக்கத்துப் பகுதி வீட்டுக்காரர் சொத்து.

1991இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதி கொண்டுவந்தது. தண்ணீரில் ஈயம் வரம்பைத் தாண்டி, ஈயம் கரையாமல் தடுக்கும் மருந்து கலந்தும் குறையவில்லை என்றால், குடிநீர் நிறுவனம் ஆண்டுக்கு 7 சதவீதம் ஈயக் குழாய்களை மாற்ற வேண்டும். எது வரைக்கும் மாற்றுவது? வீட்டுக்காரர் பக்கத்துக் குழாயும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது முகமை. குடிநீர் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1994இல் நீதிமன்றம், விதியின் அந்தப் பகுதியை முகமை முறைப்படி கருத்துக் கேட்காமல் சேர்த்துவிட்டது என்று ரத்து செய்தது. 2000இல் வந்த திருத்தத்தில், நிறுவனம் தனக்குச் சொந்தமான பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆனது. வீட்டுக்காரர் விரும்பினால் தன் பாதியைத் தன் செலவில் மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை பேர் விரும்புவார்கள்? வாஷிங்டன் நகரத்தைப் பாருங்கள். 2000இல் அங்கே தண்ணீரைச் சுத்திகரிக்கும் மருந்தை மாற்றினார்கள். குளோரினுக்குப் பதில் குளோரமின். புதிய மருந்தால், ஈயக் குழாய்களின் உள்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்து காப்பாக இருந்த பூச்சு கரைந்து ஈயம் தண்ணீரில் கலந்தது. 2004இல் செய்தி வெளியே வந்து நகரமே கொதித்தபோது நிர்வாகம் ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாயை மாற்றியது. ஆனால் எல்லைக்கோடு வரைதான். தெருப் பக்கம் புத்தம்புது செம்பு. வீட்டுப் பக்கம் பழைய ஈயம். வெட்டும்போது ஏற்படும் அதிர்வில் பழைய குழாயின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத் துகள்கள் கழன்று நேராகச் சமையலறைக் குழாய்க்கு வந்தன. செம்பும் ஈயமும் தொட்டுக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் மின்கலம் போல வேலை செய்யும். ஈயம் இன்னும் வேகமாக அரிபடும். பாதிக் குழாயை மாற்றியதால் குழந்தைகளுக்கு இருந்த ஆபத்து குறையவில்லை என்று மத்திய நோய்த் தடுப்பு மையம் 2010இல் சொன்னது. செலவு செய்து, தெருவைத் தோண்டி, பலனில்லாத ஒரு வேலை. குழாயின் சொத்துரிமையைக் குறுக்கே பிரித்து வைத்ததற்கு இதைவிடத் தெளிவான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்துவிட்டது. ஈயம் கரையாமல் தடுக்கும் மருந்தைக் கலந்து சமாளிக்கலாம் என்றால் அந்த மருந்தில் பாஸ்பேட் இருக்கிறது; ஊரைச் சுற்றி இருக்கும் ஏரிகளில் போய்ச் சேர்ந்தால் பாசி மண்டிவிடும். சரி, குழாயையே மாற்றுவோம், இரண்டு பாதியையும், என்று 2001இல் இறங்கினார்கள். வீட்டுக்காரர் மாற்றியே ஆக வேண்டும்; ஆகும் செலவில் பாதியை, 1,000 டாலர் வரைக்கும், நகரம் திருப்பித் தரும். இதில் ஒரு முட்டுக்கட்டை. எல்லோரும் கட்டும் தண்ணீர்க் கட்டணத்தை எடுத்துத் தனியார் சொத்தில் செலவழிக்கக் கூடாது என்று மாநிலக் கட்டுப்பாட்டு ஆணையம் மறுத்துவிட்டது. நகரத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஊரின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களில் செல்போன் கம்பெனிகள் ஆன்டெனா வைக்க வாடகை கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தப் பணம் தண்ணீர்க் கட்டணம் ஆகாது அல்லவா? அதை எடுத்துக் கொடுத்தார்கள். பத்துப் பதினோரு ஆண்டுகளில் சுமார் 8,000 குழாய்கள் மாறின. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு கணக்கரைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மிச்சிகனில் லான்சிங் நகரத்துக்கு இந்தச் சாமர்த்தியம்கூடத் தேவைப்படவில்லை. அங்கே மீட்டர் வரைக்கும் முழுக் குழாயும் நகர நிறுவனத்துக்கே சொந்தம். 2004இல் தொடங்கி 2016 இறுதியில் கடைசி ஈயக் குழாயை எடுத்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட இணைப்புகள், சுமார் 4.45 கோடி டாலர். தெருவில் ஒரு குழி, வீட்டருகே ஒரு குழி. பழைய ஈயக் குழாயின் வாலில் புதிய செம்புக் குழாயைக் கட்டி இழுத்தால், பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போய்விடும். நடுவில் புல்தரையைத் தொட வேண்டியதில்லை. யாரிடமும் பங்குப் பணம் கேட்டுக் கதவைத் தட்ட வேண்டியதும் இல்லை. அதே மாநிலத்தில், ஒரு மணி நேரக் காரோட்டத் தொலைவில்தான் ஃபிளின்ட் நகரம் இருக்கிறது. அங்கே குடிநீரில் ஈயம் கலந்த கதை உலகத்துக்கே தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பாடம் சொன்னது நியூ ஜெர்சியின் நுவார்க். அங்கே 2019இல் தொடங்கிய திட்டத்தில் முதலில் வீட்டுக்காரர் 1,000 டாலர் வரை பங்கு கொடுக்க வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும் என்றிருந்தது. ஆனால் ஊரில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். தண்ணீர் குடிப்பது வாடகைக்காரர் வீட்டுக் குழந்தை. கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு மாநிலத்தில் எங்கோ இருக்கும் உரிமையாளர். கடிதம் போட்டால் பதில் இல்லை. அந்த வேகத்தில் பத்து ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தது. அந்த வட்டார நிர்வாகம் 12 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குக் கைகொடுத்தது. 2019 செப்டம்பரில் நகர மன்றம், உரிமையாளர் அனுமதி இல்லாமலே உள்ளே போய்க் குழாயை மாற்றலாம், யாரிடமும் காசு வாங்க வேண்டாம் என்று சட்டம் போட்டது. அதன்பிறகு தெருத் தெருவாக, வரிசையாக வேலை நடந்தது. ஒரே தெருவில் இருபது வீட்டை ஒரே வாரத்தில் முடிப்பதும், ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் இருபது வீடுகளைத் தேடிப் போவதும் ஒரே செலவா? மூன்று ஆண்டுக்குள் 23,000 குழாய்கள் மாறின.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் இணைப்புக் குழாய், வீட்டு மீட்டர் வரைக்கும் முழுக்க நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். செலவை எல்லோர் கட்டணத்திலும் பரப்ப வேண்டும். கழிவுநீர்க் குழாய், சாலைக்கு அடியில் இருக்கும் வரைக்கும் நிச்சயமாகப் பொதுப் பொறுப்பு. மனைக்குள் இருப்பது வீட்டுக்காரர் பாடு, ஆனால் முடியாதவர்களுக்குக் கடன் வசதி வேண்டும்.

மனைக்குள் இருப்பதை ஏன் விட்டுவிடுகிறேன்? சமையலறை எண்ணெயை ஊற்றுவதும், மட்கவே மட்காத ஈரத்துடைப்பான்களைக் கழிப்பறையில் போடுவதும், குழாய்க்கு மேலேயே மரம் நடுவதும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. செலவும் அங்கேயே இருந்தால் கொஞ்சம் கவனம் இருக்கும். இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலைக்கு அடியில் இருக்கும் களிமண் குழாயின் இணைப்பில் வேர் நுழைந்ததற்கு இந்த வாதம் பொருந்தாது. ஈயத்துக்கு அறவே பொருந்தாது. கவனமாகத் தண்ணீர் குடித்தால் ஈயம் வராதா என்ன?

இன்னொரு எதிர்வாதம்: புதுக் குழாய் போட்டவர் ஏன் பழைய குழாய்க்காரருக்குக் கட்ட வேண்டும்? இங்கிலாந்து இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே 1937 அக்டோபருக்கு முன் போட்ட, பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் சாக்கடைக் குழாய்கள் பொதுச் சொத்து. அதற்குப் பின் போட்டவை அநேகமாகத் தனியார் சொத்தாக இருந்தன. ஆகவே பழைய தெருக்காரர்கள் கவலையில்லாமல் இருக்க, அடுத்த தெருவில் புது வீடு வாங்கியவர்கள் ஆறு பேர் சேர்ந்து, யார் வீட்டுக்கு நேரே அடைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 2011 அக்டோபர் 1ஆம் தேதி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் கூட்டுக் குழாய்களையும், மனை எல்லைக்கு வெளியே போகும் ஒற்றை வீட்டுக் குழாய்களையும் ஒரே நாளில் தண்ணீர்க் கம்பெனிகள் பெயருக்கு மாற்றினார்கள். பல லட்சம் பேருக்கு, தங்களுக்கு அப்படி ஒரு சொத்து இருந்ததே அது கைமாறியபோதுதான் தெரிந்தது. கட்டணம் கூடியது, ஒரு வீட்டுக்கு வாரத்துக்குச் சில பென்ஸ் என்ற கணக்கில்தான்.

கழிவுநீரில் பொதுநலம் இன்னொரு வழியாகவும் வருகிறது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பக்கம், வீட்டுக் குழாய்களின் விரிசல் வழியே மழைநீர் உள்ளே புகுந்து, சுத்திகரிப்பு நிலையம் தாங்காமல், கழிவு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் போய்க் கலந்தது. அதனால் 2011 முதல், வீட்டை விற்கும்போதோ பெரிய அளவில் திருத்திக் கட்டும்போதோ, குழாய் கசியவில்லை என்று சான்றிதழ் காட்ட வேண்டும். கசிவு தனியாருடையது, நாறுவது எல்லோருடைய கடல். விற்கும் நேரத்தில் பிடிப்பது புத்திசாலித்தனம். கையில் பணம் புரளும் நேரம் அது. ஆனால் வீட்டை விற்காமலே நாற்பது ஆண்டு இருக்கும் கிழவியின் குழாய் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் தெருவில் இருக்கும் ஆள்நுழைகுழி அடைத்தால் குடிநீர் வாரியத்துக்குப் புகார் செய்கிறோம். காம்பவுண்டுக்குள் அடைத்தால் அது நம் தலைவலி. பிளம்பரைக் கூப்பிடுகிறோம், அவர் ஓர் ஆளைக் கூட்டி வருகிறார். செலவு நம்முடையது என்றதும் மலிவான வழியைத் தேடுகிறோம். அந்த மலிவான வழியில்தான் மனிதர்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்கினால் குற்றவாளி அரசு மட்டும் இல்லை, கூப்பிட்ட வீட்டுக்காரரும்தான். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சாவுக்கு இழப்பீடாக உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அந்தக் கணக்கைப் பார்த்தால், காம்பவுண்டுக்குள்ளும் வாரியத்தின் இயந்திரமே குறைந்த கட்டணத்தில் வரட்டும் என்றுதான் சொல்வேன். மேலே நான் போட்ட எல்லைக்கோட்டை இங்கே நானே தாண்டுகிறேன். ஏனென்றால் அமெரிக்காவில் வீட்டுக் குழாயின் அடைப்பை எடுக்க ஆள் இறங்குவதில்லை, கேமராவும் சுழல்கம்பியும்தான் இறங்குகின்றன.

தங்கை மகனிடம் என்ன சொன்னேன் என்றால்: பணம் கட்டுவதற்கு முன்னால் நிலவறைக்குப் போய், குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வருகிற இடத்தைப் பார். ஒரு காசால் சுரண்டு. வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஈயம். செம்புக் காசின் நிறம் தெரிந்தால் செம்பு. காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. ஈயமாக இருந்தால் அந்தக் கடிதத்தால் பெரிய பயனில்லை. இப்படிப்பட்ட திட்டங்கள் பொதுவாக உடைந்த குழாய்க்குத்தான் பணம் தரும், விஷமுள்ள குழாய்க்கு இல்லை. நேரே ஊர்த் தண்ணீர் அலுவலகத்தைக் கேள். கழிவுநீர்க் குழாய்க்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்துவிடு; களிமண்ணும் வேருமாக இருந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

2024 அக்டோபரில் அமெரிக்க அரசு, இருக்கிற ஈயக் குழாய்களை அநேகமாகப் பத்து ஆண்டுக்குள் எல்லாம் மாற்ற வேண்டும் என்று விதி போட்டது. 90 லட்சம் வரை இருக்கலாம் என்பது அப்போதைய மதிப்பீடு. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்காக 1,500 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள், அது போதாது. வீட்டுக்காரர் பாதிக்கு யார் கொடுப்பது என்பதை விதி ஊர்களிடமே விட்டுவிட்டது. சிகாகோவில் ஒரு குழாய்க்கு 30,000 டாலர் வரை சொல்கிறார்கள். நான்கு லட்சத்தால் பெருக்கினால் 1,200 கோடி டாலர். ஊரில் சுமார் 27 லட்சம் பேர்; இருபது ஆண்டுக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 18, 19 டாலர் வருகிறது. சின்னத் தொகை இல்லை. நான்கு பேர் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு வலிக்கும், அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதே குடும்பத்திடம் போய், உன் பாதியின் செலவை மொத்தமாகக் கொடு என்று கேட்டால் அவர்கள் ஈயத்தைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஈயத்தைப் போடச் சொல்லி விதி எழுதியது நகரம்.